குமாருக்கு மட்டும் பாஸ்வேர்ட் வேண்டாம்

இணையத்தில் புதிதாக ஒரு லினக்ஸ் சர்வரை ஏற்றிவிட்டு, அதன் லாகைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் ஆளே இல்லை; தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் 22-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று ஊர் ஊராகத் தேடும் நிரல்கள்.

1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கிருந்த டாட்டு இலோனன் அதைத் தடுக்கவே எஸ்எஸ்எச்சை எழுதினார். வழியில் திருடுவது நின்றது. ஊகித்து நுழைவது நிற்கவில்லை. அதற்கு பாஸ்வேர்டை விட்டுவிட்டு, சாவிக் கோப்பால் நுழைவதே வழி.

ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் மாற்ற முடிகிறதா? கணக்குப் பிரிவுக்குக் கோப்பு அனுப்பும் வெளியாளுக்குச் சாவி என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே, சிலருக்கு மட்டும் பாஸ்வேர்ட் வழியை மூட வேண்டியிருக்கிறது. அப்படி ஒருவர் குமார் என்று வைத்துக்கொள்வோம்.

பலரும் முதலில் செய்வது, குமாரின் பாஸ்வேர்டையே பூட்டுவது. பூட்டினால் ஷேடோ கோப்பில் அவருடைய ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி விழும், அவ்வளவுதான். ஆனால் நிர்வாகக் கட்டளைகளுக்கு சூடோ கேட்பதும் இதே பாஸ்வேர்டைத்தான். குமார் சாவியால் உள்ளே வந்துவிடுவார். வந்தபின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எஸ்எஸ்எச் சர்வரின் கான்ஃபிக் கோப்பில்தான் கை வைக்க வேண்டும். கோப்பின் கடைசியில் 'மேட்ச் யூசர் குமார்' என்று ஒரு வரி, அதன்கீழ் 'பாஸ்வேர்ட் அதென்டிகேஷன் நோ' என்று இன்னொன்று. பல பெயர்கள் என்றால் இடைவெளி விடாமல் காற்புள்ளி போடுங்கள். என்னைக் கேட்டால் ஒரு குரூப் உருவாக்கி 'மேட்ச் குரூப்' போடுவது மேல், ஆள் மாறினாலும் கோப்பைத் தொட வேண்டியதில்லை. கூடவே 'கேபிடி இன்டராக்டிவ் அதென்டிகேஷன்' என்பதற்கும் 'நோ' சொல்லிவிடுங்கள். அது திறந்திருந்தால், பயனரைச் சரிபார்க்கும் 'பாம்' (PAM) அதே பாஸ்வேர்டைக் கொல்லைப்புறமாகக் கேட்கும்.

மேட்ச்சுக்கு முடிவுக்குறி கிடையாது. அடுத்த மேட்ச் வரும்வரை, இல்லையென்றால் கோப்பு முடியும்வரை, எழுதுவதெல்லாம் குமாருக்கே. உள்தள்ளி எழுதுவது நம் கண்ணுக்கு மட்டும்தான். ஆறு மாதம் கழித்து யாரோ எல்லாருக்குமான ஒரு விதியைக் கடைசியில் சேர்ப்பார். அது குமாருக்கு மட்டும் பொருந்தும், மற்றவர்கள் பழையபடியே இருப்பார்கள். 'மேட்ச் ஆல்' என்று ஒரு வரி போட்டு மூடிவைத்தால் இந்த வம்பு இல்லை.

ரீலோட் செய்யுமுன் 'எஸ்எஸ்எச்டி' கட்டளையைச் சிறிய 'டி' (-t) சேர்த்து ஓட்டினால் எழுத்துப்பிழையைச் சொல்லிவிடும். திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். ரீலோட் செய்தபின் இன்னொரு ஜன்னலில் முதலில் சாவியோடு நுழைந்து பாருங்கள். பிறகு சாவியை அணைத்துவிட்டு, குமார் பெயரில் மறுபடி முயலுங்கள். பாஸ்வேர்டைக் கேட்காமலேயே 'பெர்மிஷன் டினைட்' என்று முகத்தில் அறைந்தால், வேலை முடிந்தது, டெர்மினலை மூடலாம்.