பாவலர் வரதராசன்

பாவலர் வரதராசன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டிலும் கேரளத்தின் மலைத்தோட்டப் பகுதிகளிலும் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிய பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். தாமே பாட்டெழுதி, தாமே மேடையேறிப் பாடியவர். இசையமைப்பாளர் இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரின் மூத்த அண்ணன். இன்று பெரும்பாலும் இந்த உறவை வைத்தே அறியப்படுகிறார். ஆனால் தம்பிகள் திரைப்படத்துறைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தேர்தல் களத்தில் கட்சிகள் தேடி அழைக்கும் பாடகராக அவர் விளங்கினார்.

ஊரும் மலையும்

வரதராசனின் ஊர் பண்ணைப்புரம். இன்றைய தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. அக்காலத்தில் இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. போடி ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர். ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேசனிலிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, போடி வழியாகவே வெளியூர்களுக்குச் சென்றது. மலையிலிருந்து சரக்கு இறங்கியது; அடிவார ஊர்களிலிருந்து வேலையாட்கள் ஏறினர். ஏலத்தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் கூலி வேலை செய்தோரில் பெரும்பாலோர் தமிழர். வரதராசனின் பாடல்களுக்கு வாய்த்த முதன்மையான அவையினர் இவர்களே.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டுடன் சேர்க்கவேண்டும் என்று கோரப்பட்ட தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் நின்றன. இதனால் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள் கேரளச் சட்டமன்றத்திற்கு வாக்களிப்பவர்கள் ஆயினர். அவர்களிடம் வாக்குக் கேட்க மலையாளச் சொற்பொழிவு மட்டும் போதாது என்பது கட்சிகளுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது.

தேவிகுளம் இடைத்தேர்தல்

1957 தேர்தலில் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சி கேரளத்தில் ஆட்சி அமைத்தது. 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தவை 60. ஆதரவு பெற்ற சுயேச்சைகள் ஐவரையும் சேர்த்தே பெரும்பான்மை. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் வெற்றி, வேட்புமனு ஒன்று தவறாக நிராகரிக்கப்பட்டது என்னும் காரணத்தால் செல்லாது என அறிவிக்கப்பட, 1958இல் அங்கு இடைத்தேர்தல் நடந்தது. இவ்வளவு குறுகிய பெரும்பான்மையில் ஒவ்வோர் இடமும் ஆட்சிக்கு இன்றியமையாததாக இருந்தது.

இத்தேர்தலில் பரப்புரை செய்ய வரதராசன் மலையேறினார். அவர் உடல்நலம் குன்றியிருந்த வேளையில், உடன் பாடத் தம்பி இராசையாவை அனுப்பியவர் அவருடைய சிற்றன்னை சின்னத்தாய் ஆவார். பின்னாளில் இளையராஜா எனப் பெயர் பெற்ற அந்தச் சிறுவனின் இசைப்பயணம் அங்குத்தான் தொடங்கியது. ரோசம்மா மீண்டும் வென்றார். வெற்றிக்குப் பாவலரின் பாடல்களே காரணம் என்று நம்பூதிரிப்பாடு பாராட்டியதாக இப்பகுதியில் கூறப்படுவதுண்டு. ஆனால் அந்த ஆட்சி 1959 சூலை 31 அன்று மத்திய அரசால் கலைக்கப்பட்டது.

பாடல் முறை

மக்கள் முன்பே அறிந்த திரைப்பட மெட்டுகளிலும் நாட்டார் மெட்டுகளிலும் அரசியல் சொற்களைப் பொருத்திப் பாடுவது வரதராசனின் வழக்கம். இதனை வெறும் நகல் எனத் தள்ளிவிட இயலாது. பகல் முழுவதும் தோட்டத்தில் உழைத்து வந்தவர்களுக்குப் புதிய மெட்டு பழக நேரம் வேண்டும். தெரிந்த மெட்டாயின் இரண்டாம் முறையே அவர்களும் சேர்ந்து பாடிவிடுவர். அமெரிக்கத் தொழிற்சங்கப் பாடகர் சோ கில் (1879-1915), மக்களுக்குப் பழகிய கிறித்தவப் பாடல்களின் மெட்டுகளில் வேலைநிறுத்தப் பாடல்களை எழுதியதும் இதே முறைதான். இருவரும் மெட்டைக் கடன் வாங்கினர்.

இம்முறைக்கு ஒரு விலையும் இருந்தது. மெட்டு வேறொருவருடையது, சொற்களோ ஒரு தேர்தலை, ஒரு கூலிப் போராட்டத்தைச் சார்ந்தவை. அந்நிகழ்வு முடிந்ததும் பாடலின் தேவையும் முடிந்தது. ஒலிநாடாப் பதிவு பரவலாகாத காலம் அது. ஆகவே ஆயிரக்கணக்கானோர் கேட்ட குரல், பெரும்பாலும் கேட்டவர்களின் நினைவில் மட்டுமே தங்கியது.

தம்பிகளின் குழு

பாவலர் சகோதரர்கள் என்னும் பெயரில் இக்குழு ஏறத்தாழப் பத்தாண்டுகள் தென்னிந்தியாவின் பல பகுதிகளில் நிகழ்ச்சிகளை நடத்தியது. மற்றொரு தம்பியான பாஸ்கரும் இதில் பங்கு பெற்றார். தொடக்கத்தில் பெண்குரலில் பாடியவர் இளையராஜா. பருவ மாற்றத்தால் குரல் உடைந்தபோது அப்பொறுப்பு கங்கை அமரனுக்குச் சென்றது. இளையராஜா ஆர்மோனியத்திற்கு மாறினார். முன்பு அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொட்டாலே அடி விழும் என்பதால், அவர் இல்லாத வேளையில் மறைவாக வாசித்துப் பழகியதாக இளையராஜா கூறியுள்ளார். குரல் உடைந்தது ஒருவகையில் நல்லதாயிற்று.

1964இல் சவகர்லால் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவிற்கு இளையராஜா மெட்டமைத்தார். இதுவே அவரது முதல் இசையமைப்பாகக் குறிப்பிடப்படுகிறது. பிறர் மெட்டுகளில் பாடிவந்த குழுவிற்குள்ளிருந்தே சொந்த மெட்டு பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1968இல் அவர் சென்னையில் தன்ராசு மாசுடரிடம் மேற்கத்திய இசை பயிலத் தொடங்கினார்.

பிற்காலம்

1976இல் வெளிவந்த அன்னக்கிளி திரைப்படத்தின் வெற்றியைக் காண வரதராசன் உயிருடன் இல்லை. அவரது பெயரால் சகோதரர்கள் தொடங்கிய பாவலர் கிரியேசன்சு நிறுவனம் அலைகள் ஓய்வதில்லை (1981), ராஜாதி ராஜா (1989), சிங்காரவேலன் (1992) முதலிய திரைப்படங்களைத் தயாரித்தது. பத்ம விபூசண் (2018) பெற்ற பின்னரும், இளையராஜா மேடைகளில் முன்னே வைத்து வாசித்துவரும் ஆர்மோனியம் அண்ணனுடையதே.