பூனா என்றொரு ஆட்டம்

இறகுப்பந்தை வெள்ளைக்காரர் விளையாட்டு என்கிறோம். அதன் ஆங்கிலப் பெயர்கூட இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் உள்ள பாட்மின்டன் மாளிகையிலிருந்து வந்ததுதான். ஆனால் இன்று நாம் ஆடும் போட்டிக்கு உருக்கொடுத்ததில் நம் புனேவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1860-களிலும் 70-களிலும் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் நடுவில் வலை கட்டி ஆடிய ஆட்டத்துக்கு ‘பூனா’ என்றே பெயர். மட்டையால் இறகுப்பந்தைத் தட்டுவது அதற்கு முன்பே இங்கிலாந்தில் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். பாட்மின்டன் மாளிகையின் பழைய மட்டை ஒன்றில், 1830 ஜனவரியில் பந்தைக் கீழே விடாமல் 2,117 முறை தட்டியதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: அங்கே ஆடியவர்கள் கூட்டாளிகள். எதிராளி தவறவிட்டால் புள்ளி என்பது வேறு ஜாதி ஆட்டம். பூனா ஆட்டத்தில் காற்று பலமாக வீசினால் இறகுக்குப் பதில் கம்பளிப் பந்து. தஞ்சாவூர் அரச குடும்பத்தார் 1850-களிலேயே ஆடியதாகச் சொல்லப்படும் பூப்பந்திலும் அதே கம்பளிதான். ஊர் திரும்பிய அதிகாரிகள் ஆட்டத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். இங்கிலாந்தில் அதற்கென்று சங்கம் அமைந்தது 1893-ல்தான்.