போர்க்காலத்துச் சிறு சினிமாக் கொட்டகை: பழைய இயந்திரம் வாங்கலும் விற்றலும்



1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், நள்ளிரவு தாண்டிய வேளையில், ஜப்பானியப் படை கோத்தா பாருக் கடற்கரையில் இறங்கியது. நம் மூத்தவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லி வந்த மூன்றரை ஆண்டுத் துன்பத்திற்கு அதுவே தொடக்கம். ஏறக்குறைய அதே வேளையில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகமும் தாக்கப்பட்டது. அங்கும் போர் தொடங்கிவிட்டது.

அமெரிக்கா அப்போது வாங்கிய இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் நம் வட்டாரத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியலில் வெட்டிய பால் அது. மலாயா விழுந்தது, ரப்பர் நின்றது. 1942 ஜனவரியிலேயே அங்கே மோட்டார் டயர்களுக்குப் பங்கீடு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதும் பெட்ரோலுக்கும் பங்கீடு வந்தது. பெட்ரோல் போதாமல் போனதைவிட, ஓடி ஓடி டயர் தேய்ந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அதற்குப் பெரிய காரணம்.

இதற்கும் சினிமாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஆயிரம், இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூர்களில் முந்நூறு நாற்காலிகளோடு ஒரு கொட்டகை இருக்கும். கணவன் இயந்திரத்தைக் கவனிப்பான், மனைவி சீட்டுக் கிழிப்பாள். சனிக்கிழமை மாலையில் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் மோட்டாரில் குடும்பத்தோடு வந்தால்தான் அவர்களுக்கு வருமானம். டயர் இல்லையென்றால் கூட்டம் இல்லை. நம் ரப்பர் மரத்துக்கும் அந்தக் கொட்டகைக்கும் இப்படி ஓர் உறவு இருந்தது.

நகரங்களிலோ நிலைமை நேர்மாறு. போர்த் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் வேலை, கையில் காசு, வாங்குவதற்குப் பொருள் இல்லை. மக்கள் சினிமாவுக்குக் குவிந்தார்கள். ஒரு பக்கம் கொட்டகை மூடப்படுகிறது, இன்னொரு பக்கம் கொட்டகை போதவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே பழைய சினிமாச் சாமான்களின் வாங்கல் விற்றல் சூடாக நடந்தது. அதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

புதிய சாமான் ஏன் கிடைக்கவில்லை? 1942 ஜனவரியில் அமெரிக்க அரசு போர் உற்பத்தி வாரியம் என்ற ஒன்றை அமைத்தது. எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அது ஆணையிட்டது. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான மோட்டார் வண்டி உற்பத்தி நின்றது. ஏப்ரலில் அவசியமற்ற கட்டட வேலைகள் தடுக்கப்பட்டன. அந்தத் தடையில் சினிமாக் கொட்டகையும் அகப்பட்டுக்கொண்டது. படம் காட்டும் இயந்திரமான புரொஜெக்டர் செய்யும் தொழிற்சாலைகளும் படைக்கு வேண்டியதைச் செய்யத் திரும்பின. ஆகவே சிற்றூர்க்காரர் ஒருவருக்கு இயந்திரம் வேண்டுமென்றால், வேறொருவர் ஓட்டிக் கழித்ததைத்தான் வாங்க வேண்டும். சினிமாத் தொழிலுக்கென்றே வந்த வார ஏடுகளில் 'விற்பனைக்கு', 'தேவை' என்று சிறு விளம்பரங்கள் வரும். பழைய இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்ததை மாற்றி விற்கும் வியாபாரிகளும் இருந்தார்கள். இயந்திரம் ஓட்டுபவர் படைக்குப் போய்விட்டதால் கதவைச் சாத்திய பக்கத்து ஊர்க் கொட்டகையும் உண்டு. எங்களைக் கேட்டால், இந்தக் கடைசி இடமே நல்ல இடம். அந்த இயந்திரம் நேற்றுவரை எப்படி ஓடியது என்று ஊரே சாட்சி சொல்லும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொட்டகையில் புரொஜெக்டர் ஒன்று இருந்தால் போதாது, இரண்டு வேண்டும். அக்காலத்துப் பெரிய பிலிம் சுருள் ஒன்று 2,000 அடி நீளம். நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டால் ஒரு சுருள் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அது தீரும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு புள்ளி தோன்றி மறையும். அடுத்த இயந்திரத்தின் மோட்டாரை முடுக்கச் சொல்லும் அடையாளம் அது. சில விநாடி கழித்து இன்னொரு புள்ளி வரும். உடனே ஒன்றை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தால் பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ஒற்றை இயந்திரக்காரர் 22 நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கைப் போட்டுவிட்டு, சீழ்க்கை ஒலியைக் கேட்டுக்கொண்டு சுருள் மாற்ற வேண்டியதுதான். அதனால் வாங்குபவர்கள் ஒரே மாதிரியான இரண்டை இணையாகவே தேடினார்கள். ஒன்று பழுதானால் மற்றதன் பாகத்தைக் கழற்றிப் பார்த்து ஒப்பிடலாம் என்பது கூடுதல் வசதி.

விலை பேசுமுன் எதைப் பார்க்க வேண்டும்? வெளிப்பூச்சைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். புரொஜெக்டரின் உயிர் அதன் உள்ளே எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஒரு சிறு சக்கரத்தில் இருக்கிறது. சிலுவை போல நான்கு பிளவு கொண்ட சக்கரம் அது. பக்கத்தில் ஒரு வட்டு சுற்றும். வட்டில் உள்ள முளை ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பிளவுக்குள் நுழைந்து சிலுவையைக் கால் சுற்றுத் தள்ளிவிட்டு வெளியேறும். அந்தக் கால் சுற்றில் பிலிம் ஒரு படம் அளவுக்கு நகர்ந்து நிற்கும். ஒளி பாயும், மறுபடி நகரும். விநாடிக்கு 24 முறை இப்படி நடக்கிறது. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600 முறை. இரண்டு இயந்திரமும் பாதிப் பாதி பகிர்ந்துகொண்டாலும் ஒவ்வொன்றும் ஒரு காட்சிக்கு 64,800 அடி வாங்குகிறது. பிள்ளைகள் இந்தப் பெருக்கலைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். இருபது ஆண்டு ஓடிய இயந்திரம் என்றால் அந்த முளையும் பிளவும் எவ்வளவு தேய்ந்திருக்கும்!

தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. இயந்திரத்தை நிறுத்தி, பிலிமை இழுக்கும் பல்சக்கரத்தை இரு விரலால் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். அதைவிட நல்ல சோதனை, ஒரு படத்தின் பெயர் எழுத்துகளைத் திரையில் ஓட்டிப் பார்ப்பது. எழுத்து மேலும் கீழும் துள்ளினால், விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் நம்ப வேண்டாம். பல்சக்கரத்தின் பற்களையும் பார்க்க வேண்டும். தேய்ந்த பல் கொக்கி போல வளைந்திருக்கும். அது பிலிமின் ஓரத் துளைகளைக் கிழிக்கும். வாடகைக்கு வந்த பிலிம் கிழிந்தால் அந்த நட்டம் கொட்டகைக்காரர் தலையில் விழும். ஆனால் இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. பல்லின் ஒரு பக்கம்தான் தேய்கிறது. சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் மறுபக்கம் புதிதாக வேலை செய்யும். தெரிந்தவர்கள் இப்படி அதன் ஆயுளை இரட்டிப்பாக்கினார்கள். இதைத் தெரியாத விற்பனையாளர் விலையைக் குறைத்துவிடுவார், தெரிந்த வாங்குபவர் வாயை மூடிக்கொண்டு வாங்கிவிடுவார். வியாபாரத்தில் இதைப் பெருங்குற்றம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதும் விலையில் பாதி. சிம்ப்ளெக்ஸ் என்ற இயந்திரம் அமெரிக்காவில் எங்கும் பரவியிருந்தது. அதன் பாகம் எந்தப் பழைய சாமான் வியாபாரியிடமும் அகப்படும். பெயர் தெரியாத இயந்திரம் பாதி விலைக்குக் கிடைத்தாலும், ஒரு பல்சக்கரம் உடைந்த அன்றே அது இரும்புக் குவியலாகிவிடும். தையல் இயந்திரம் வாங்கிய தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விலை மலிவு என்று ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று இருந்தது. அந்நாளைய கொட்டகைப் பிலிம் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய உறவு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே தரும். அதனால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. அதன் முன்னால் சில அங்குல தூரத்தில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும் சூடும். பிலிம் ஓடிக்கொண்டே இருந்தால் ஆபத்தில்லை, நின்றால் பற்றிக்கொள்ளும். ஆகவே வேகம் குறைந்தவுடன் தானாக விழுந்து ஒளியை மறைக்கும் ஒரு தகடு இயந்திரத்தில் இருக்கும். சுருள் பெட்டியின் வாயில், தீ உள்ளே ஏறாதபடி நெருக்கிப் பிடிக்கும் உருளைகளும் இருக்கும். பழைய இயந்திரங்களில் இந்தத் தகடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது இடைஞ்சல் என்று யாரோ கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். இயந்திரத்தை வேகமாக ஓட்டி, மோட்டாரை நிறுத்தி, தகடு விழுகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்தச் சிறு அறைக்குள் நிற்பவனுடைய உயிர் அதில் இருக்கிறது. இந்தத் தகட்டைச் சரிசெய்யாமல் விற்பவனை வியாபாரி என்று சொல்லத் தகாது.

ஒளிக்கு வருவோம். இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து எரியும். பின்னால் ஒரு கண்ணாடி அந்த ஒளியைத் திரட்டிப் பிலிமுக்கு அனுப்பும். குச்சிகளின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு உண்டு. எரியும்போது அந்தச் செம்பு உருகிச் சொட்டும். போரில் தோட்டாக் கூடு செய்யச் செம்பு வேண்டும். 1943-இல் அமெரிக்கா ஒரு காசு நாணயத்தைக்கூட எஃகில் அடித்தது என்றால் தட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனவே விளக்குப் பெட்டியின் அடியில் விழுந்த செம்புச் சொட்டுகளைக் கொட்டகைக்காரர்கள் சேர்த்து வைத்து அரசின் சேகரிப்புக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பழைய உலோகம் கொண்டுவந்தால் சீட்டு இல்லாமல் படம் என்று சிறப்புக் காட்சிகளும் நடந்தன. பின்னர் குச்சியின் செம்புப் பூச்சே மெலிதாக்கப்பட்டது. மெல்லிய பூச்சு அதிக மின்சாரத்தைத் தாங்காது. திரையில் வெளிச்சம் குறையும். அதனால் பழைய விளக்குப் பெட்டி வாங்கும்போது அந்தக் கண்ணாடியின் நிலை முன்னைவிட முக்கியமாயிற்று. செம்புத் துளி தெறித்துப் புள்ளி விழுந்த கண்ணாடி ஒளியை வீணாக்கும்.

இன்னொரு மறைந்த செலவையும் சொல்ல வேண்டும். இந்த விளக்குக்கு நேர் மின்னோட்டம் வேண்டும். ஊரில் வருவதோ மாறு மின்னோட்டம். இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தை மாற்றித் தரும் கருவி ஒன்று தேவை. விளம்பரத்தில் 'புரொஜெக்டரும் விளக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கருவியும் சேர்ந்ததா என்று கடிதம் எழுதிக் கேட்பவரே விவரமானவர்.

லென்ஸ் விஷயத்தில் கணக்குத் தெரியாதவர்கள் பெரிதும் இடறினார்கள். பிலிமில் உள்ள படத்தின் அகலம் 0.825 அங்குலம். இயந்திரத்திலிருந்து திரைவரை உள்ள தூரத்தை அதனால் பெருக்கி, லென்சின் குவிய நீளத்தால் வகுத்தால் திரையில் விழும் படத்தின் அகலம் கிடைக்கும். விற்பவரின் கொட்டகையில் தூரம் 100 அடி, லென்ஸ் 5.5 அங்குலம் என்போம். படம் 15 அடி அகலம், அழகாக இருக்கும். அதே லென்சை 60 அடி நீளமுள்ள நம் கொட்டகைக்குக் கொண்டுவந்தால் படம் 9 அடிதான். 15 அடி வேண்டுமென்றால் 3.3 அங்குல லென்ஸ் தேட வேண்டும். லென்ஸ் பழுதில்லை, விற்றவர் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பணம் வீண். அதனால் விவரம் தெரிந்தவர்கள் 'தேவை' விளம்பரத்தில் தங்கள் கொட்டகையின் தூரத்தையும் திரை அகலத்தையும் குறிப்பிட்டார்கள்.

ஒலிக் கருவியின் வால்வுகள் போர் முழுவதும் பெரும் தட்டுப்பாடு. 1942 ஏப்ரலில் பொதுமக்களுக்கான ரேடியோப் பெட்டி உற்பத்தி நின்றது, வால்வுகள் படைக்குப் போயின. ஒலிபெருக்கி விற்றவர் இரண்டு உபரி வால்வுகளையும் சேர்த்துக் கொடுத்தால், அது பெரிய உதவி. நாற்காலி, திரை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சள் படிந்த திரையை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஆனால் சோளப்பொரி இயந்திரத்தை மறக்கக் கூடாது! 1942-இல் சர்க்கரைப் பங்கீடு வந்ததும் மிட்டாய் குறைந்தது, அந்த இடத்தைச் சோளப்பொரி பிடித்துக்கொண்டது. சில சிறு கொட்டகைகளைத் தாங்கிப் பிடித்தது சீட்டுப் பணமா, பொரிப் பணமா என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். அதற்கும் பிலிப்பைன்ஸ் தேங்காய் எண்ணெய் வராமல் போய்த் திண்டாடினார்கள் என்பது வேறு கதை.

படையினருக்குப் படம் காட்ட 16 மில்லிமீட்டர் சிறு புரொஜெக்டர்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. அந்தச் சிறு பிலிம் எளிதில் தீப்பற்றாத வகையைச் சேர்ந்தது. இரும்பு அறை வேண்டாம், வண்டியில் தூக்கிப் போகலாம். நம் நாட்டில் 1946-இல் மலாயன் பிலிம் யூனிட் தொடங்கப்பட்ட பிறகு, தகவல் இலாகாவின் நடமாடும் வண்டிகள் தோட்டத்துத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டியது இந்த வகைக் கருவியால்தான். லயத்து வாசலிலிருந்து பாய் எடுத்துக்கொண்டு ஓடிய பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

1945-இல் போர் முடிந்தது, அந்த ஆண்டிலேயே போர் உற்பத்தி வாரியமும் கலைக்கப்பட்டது. போர்க்காலத்தில் பிடித்து வைத்திருந்த ஆசையெல்லாம் சேர்ந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் புதிய இயந்திரம் கேட்டார்கள். சிம்ப்ளெக்ஸ் இணைகள் மேலும் சில காலம் கை மாறிக்கொண்டே ஓடின. 1948-இல் எளிதில் தீப்பற்றாத புதிய பிலிம் வந்தது, சில ஆண்டுகளில் நைட்ரேட் உற்பத்தி நின்றது. 1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத் திரைப் படம் வெளிவந்தது. அதற்கு வேறு லென்ஸ், வேறு திரை. சிற்றூர்க் கொட்டகைக்காரர்கள் மறுபடியும் கையில் அளவு நாடாவோடு நின்றார்கள். தொழில் ஏடுகளின் 'விற்பனைக்கு' பகுதி மறுபடியும் நீண்டது.