துறைமுக எழுத்தர் பெயர் தாங்கிய சிறுகோளும் புவியண்மைக் கணிப்பும்

முன்னுரை

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1912 மார்ச் 1 முதல் ஓராண்டுக்கும் மேலாகச் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். 1988 பிப்ரவரி 17 அன்று காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் ஆர். இராஜமோகன் கண்டறிந்த சிறுகோள், அவர் நினைவாக ‘4130 இராமானுஜன்’ என வழங்கப்படுகிறது. இது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுவதால் புவிக்கு இடர் இல்லை. எனினும், புவியை நெருங்கும் சிறுகோள்களை முன்கணிக்கும் முறையை விளக்க இதன் எண் துணைசெய்கிறது. சுற்றுப்பாதை நம்பகமாக உறுதிப்பட்ட பின்னரே சிறுகோளுக்கு நிலையான எண் வழங்கப்படும்.

பாதைக் கணிப்பு

சுற்றுப்பாதையை வரையறுக்க ஆறு அளவுகள் தேவை. ஒவ்வொரு நோக்கீடும் இரு கோணங்களை மட்டுமே தரும், தொலைவைத் தராது. ஆகவே மூன்று நோக்கீடுகளிலிருந்து தோராயமான பாதையைப் பெறலாம். 1801இல் கண்டறியப்பட்டுப் பின் காணாமற்போன சீரிசை மீண்டும் காண, காஸ் செய்த இத்தகைய கணக்கீடே உதவியது. ஆனால் சில நாள் நோக்கீட்டிலுள்ள நுண்பிழை, பல ஆண்டுகளுக்குப் பின் பல இலட்சம் கிலோமீட்டராக விரியும். காசிமேட்டுக் கரையிலிருந்து தொடுவானில் ஒரு கப்பலைக் கணநேரம் கண்டவர், அது எண்ணூர்த் துறைமுகத்திற்குச் செல்வதா, கடந்து போவதா எனக் கூறவியலாது. தொடர்ந்து நோக்கியவர் கூறுவார்.

நிகழ்தகவின் ஏற்ற இறக்கம்

2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி ‘2024 ஒய்ஆர்4’ என்னும் சிறுகோளைக் கண்டறிந்தது. அது 2032 டிசம்பர் 22இல் புவியில் மோதும் நிகழ்தகவு, நாசாவின் கணிப்பில் 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 விழுக்காடாக உயர்ந்தது. மோதக்கூடிய நிலப்பட்டையில் தெற்காசியாவும் அடங்கியிருந்தது. பிப்ரவரி 24 அன்று அந்நிகழ்தகவு 0.004 விழுக்காடாகச் சரிந்தது. நோக்கீடுகள் பெருகப்பெருக, சிறுகோள் கடக்கக்கூடிய பரப்பின் நிச்சயமின்மை சுருங்கும். அச்சுருங்கிய பரப்பினுள் புவி இருக்கும்வரை அதன் பங்கு கூடும்; புவி அதற்கு வெளியே அமைந்தவுடன் நிகழ்தகவு வீழும்.

முடிவுரை

எனவே இடைக்கால உயர்வை அழிவின் அறிவிப்பாகவோ, பிந்தைய வீழ்ச்சியை முன்னைய கணிப்பின் பிழையாகவோ கொள்வது பொருந்தாது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போலக் குடியிருப்பும் தொழிற்சாலையும் செறிந்த பகுதிகளில் மக்களை வெளியேற்றவும், எரிபொருள் கிடங்குகளைக் காலிசெய்யவும் காலம் வேண்டும். அக்காலத்தை முன்கூட்டிய கண்டறிதலும் இடையறாத நோக்கீடும் இணைந்தே அளிக்க இயலும்.