முத்தும் கடனும்: ‘பஸ் யா பஹர்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்புப் பற்றிய சித்திரிப்புகள் பெரும்பாலும் கடலின் வனப்பையும் சுழியோடியின் துணிவையுமே போற்றுவன. அத்தொழில் எத்தகைய உற்பத்தி உறவுகளின்மீது நிலைபெற்றிருந்தது என்ற வினா அவற்றில் எழுவது அரிது. 1972 இல் காலித் அல் சித்தீக் நெறிப்படுத்திய ‘பஸ் யா பஹர்’ இவ்வினாவை நாம் எழுப்புவதற்கு இடந்தருகின்றது. குவைத்தின் முதலாவது முழுநீளக் கதைப்படமான இதன் பெயருக்குப் ‘போதும், கடலே’ என்பது பொருள்.

முதலில் தொழிலை நோக்குவோம். கோடை மாதங்களிலே தோணிகள் சிப்பிப் படுக்கைகளுக்குச் செல்லும். மூக்கிற் கவ்வி, விரல்களில் தோலுறை, காலிற் கல், கழுத்தில் வலைப்பை என்பனவே சுழியோடியின் கருவிகள். ஒரு முறை மூழ்கினால் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீருக்கடியில் நிற்பான். மேலே கயிறு பிடிப்பவனின் கையில் அவனுயிர் இருந்தது.

ஆனால் அவனைக் கட்டிவைத்த வலிய கயிறு வேறொன்று. பருவத் தொடக்கத்தில் வணிகர் நகுதாவுக்கும், நகுதா சுழியோடிக்கும் முற்பணம் வழங்கினர். பருவ முடிவிற் பங்கு பிரிக்கையில் அது கழிக்கப்பட்டது. கழித்தும் எஞ்சிய கடன் அடுத்த ஆண்டும் அவனை அதே தோணிக்கு இழுத்தது. தந்தை இறப்பின் மகன்மீதும் விழுந்தது. கணக்கேடு கடன் கொடுத்தோரிடமே இருந்தது. பஹ்ரைனில் 1920களிலே சுழியோடிக்கும் கணக்கேடு வழங்கவேண்டுமென விதிக்கப்பட்டமையும், 1932 இல் சுழியோடிகள் கிளர்ந்தெழுந்தமையும் இம்முரண்பாட்டின் கூர்மையைப் புலப்படுத்துவன.

திரைப்படத்தின் நாயகன் முசாயித், கடலால் அங்கவீனமுற்ற தந்தையின் மகன். செல்வக் குடும்பத்துப் பெண்ணான நூராவை மணக்கப் பொருள் வேண்டிக் கடலுக்குச் செல்கிறான். நூராவோ முதிய செல்வரொருவருக்கு மணம் முடிக்கப்படுகிறாள். முசாயித் கடலில் மடிகிறான். கைக்கு வந்த முத்தைத் தாய் கடலிலே வீசியெறிகிறாள்.

முத்தும் பெண்ணும் ஒரே சந்தையின் பண்டங்களாதலை இங்கு காண்கிறோம். தாயின் செயல் வெறும் துயர வெளிப்பாடன்று. மகனின் உயிருக்கு விலை குறிக்க முயலும் பரிவர்த்தனையையே அவள் மறுக்கிறாள். இதுவே படத்தின் யதார்த்தவாத வலிமை எனலாம். எனினும் தலைப்பு கடலை நோக்கியே முறையிடுகிறது. கடல் பகையன்று, மனிதனைக் கடலுள் மீண்டும் மீண்டும் தள்ளியது கணக்கேடே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வுறவு வளைகுடாவுக்கு மட்டும் உரியதன்று. 1905 ஆம் ஆண்டு மன்னார் முத்துக்குளிப்பில் வளைகுடாவின் அரபுச் சுழியோடிகளும் பங்குகொண்டனர். அங்கு சிப்பிகளில் மூன்றிலிரண்டைப் பிரித்தானிய அரசு எடுத்துக்கொண்டது. சுரண்டலின் வடிவம் வேறு. மூழ்கியவனின் நிலை ஒன்றே.

யப்பானிய வளர்ப்பு முத்தும், 1929 இன் பொருளாதார வீழ்ச்சியும் அத்தொழிலை நலிவித்தன. பின்னர் எண்ணெய் வந்தது. 2012 இல் பஹ்ரைனின் முத்துக்குளிப்புத் தலங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. உழைப்பு மரபுரிமையாகப் போற்றப்படும் இக்காலத்தில், அவ்வுழைப்பாளியின் கடனும் நினைவுகூரப்பட வேண்டும். அத்தாய் எறிந்த முத்து நம்மிடம் வேண்டுவது அதுவே.