பேரிடரிலும் பிரசவத் தேதி மாறாது

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தை 2022-ல் வெள்ளம் சூழ்ந்தபோது, வீடிழந்தவர்கள் பலர் ஒதுங்கியது சாலையோர மேடுகளிலும் கரைகளிலும்தான். நாடு முழுக்கப் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 3.3 கோடி. அவர்களில் ஏறக்குறைய 6.5 லட்சம் பேர் கர்ப்பிணிகள், அதிலும் 73,000 பேருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் பிரசவம் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் கணக்கிட்டது. சிந்துவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுகாதார நிலையங்கள் சேதமடைந்திருந்தன.

பேரிடர் இருக்கிறதோ இல்லையோ, கர்ப்பிணிகளில் சுமார் 15 சதவீதம் பேருக்கு உயிருக்கு ஆபத்தான சிக்கல் வரக்கூடும். மற்ற நாளில் ஆம்புலன்ஸும் அறுவை அரங்கும் காப்பாற்றிவிடுகிற இந்தப் பெண்களைத்தான் வெள்ளமும் பூகம்பமும் காவு வாங்குகின்றன. 1990-களில் அகதி முகாம்களில் கண்ட அனுபவத்திலிருந்து, இவர்களுக்காகக் குறைந்தபட்ச சேவைத் தொகுப்பு ஒன்று உருவானது. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும். ஆனால் அரிசி, தார்ப்பாய், குடிநீர் என்று நீளும் நிவாரணப் பட்டியலில் பெண்ணின் உடல் இன்னும் கடைசியில்தான் நிற்கிறது. இது மாற வேண்டும்.

அந்தத் தொகுப்பிலேயே எளியது பிரசவப் பை. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, புது பிளேடு, தொப்புள்கொடியைக் கட்ட நூல், கையுறை, பிள்ளையைச் சுற்றத் துணி. ஆஸ்பத்திரிக்குப் போக வழியே இல்லாதபோது, கரைமேட்டிலேயே குழந்தை பிறந்தாலும் துருப்பிடித்த கத்தி தொப்புள்கொடியைத் தொடாது. தாய்க்கும் சேய்க்கும் கிருமித்தொற்று அபாயம் குறையும்.

உதிரப்போக்குக்கு இந்தப் பை போதாது. குழந்தை பிறந்த பிறகு கருப்பை சுருங்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். வழக்கமாகப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போன ஊரில் அதற்கு எங்கே போவது? அதே வேலையைச் செய்யும் மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்குக் குளிர்பெட்டி வேண்டாம்.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கும் நேரம்தான் எல்லாம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம்தான் கெடு. முகாமின் கழிப்பறைக்கு விளக்கும் உள்தாழ்ப்பாளும் போடுவதும் இந்தச் சேவையில் சேர்ந்ததே. வெள்ளத்தில் கருத்தடை மாத்திரை அட்டையைப் பறிகொடுத்தவருக்கு அடுத்த அட்டையை உடனே தர வேண்டும்.

முன்னெச்சரிக்கை கிடைத்தால் என்ன செய்யலாம் என்று ஒடிசா காட்டியிருக்கிறது. 2024 அக்டோபரில் ‘டானா’ புயல் கரையைக் கடக்கும் முன்பே 4,431 கர்ப்பிணிகளைச் சுகாதார மையங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் 1,600 பேருக்கு அங்கேயே பிரசவமானது. யாருக்கு எந்த வாரம் பிரசவம் என்று ஊர் ஊராகத் தெரிந்திருந்தால்தான் இது நடக்கும்.

பூகம்பம் அந்த அவகாசத்தைத் தராது. அதற்கு நேபாளத்தின் வழி பொருந்தும். பூகம்பத்துக்கென்று தொடங்கிய திட்டமல்ல அது. ஆஸ்பத்திரி எட்டாத கிராமங்களுக்கானது. பல மாவட்டங்களில் கிராமத்துப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் எட்டாம் மாதத்திலேயே மூன்று மிசோப்ரோஸ்டால் மாத்திரைகளைக் கர்ப்பிணியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தை பிறந்ததும், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதியான பிறகே விழுங்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.