பந்தியில் பின்தங்கும் டிஸ்கஸ்

பல வகை மீன்கள் கூடி வாழும் தொட்டியில் டிஸ்கஸ் இளைத்து, நிறம் கறுத்து, மூலையில் ஒதுங்கினால் வளர்ப்பவர் பெரும்பாலும் தீனியின் பிராண்டை மாற்றுகிறார்; இல்லாவிட்டால் அளவைக் கூட்டுகிறார். இரண்டுமே பெரும்பாலும் பலன் தருவதில்லை. என்ன போடுகிறோம் என்பதைவிட, யாரோடு சேர்த்து, எவ்வளவு வெதுவெதுப்பான நீரில், எவ்வளவு அவகாசம் கொடுத்துப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே டிஸ்கஸின் வயிறு நிறைகிறது.

யோஹான் யாக்கோப் ஹெக்கல் 1840-இல் அறிவியல் பெயரிட்ட இந்த மீன் அமேசான் படுகையைச் சேர்ந்தது. ஓட்டம் குறைந்த ஏரிக்கரைகளில், நீரில் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகளின் இடுக்குகளில் கூட்டமாக வாழும். பிரேசிலின் டெஃபே பகுதியில் வில்லியம் கிராம்ப்டன் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குள்ள டிஸ்கஸ்கள் உண்பவை முக்கியமாகப் படர்பாசியும் மக்கிய துகள்களும் தாவரப் பகுதிகளும் சிறு நீர்ப்பூச்சிகளும்தான். இரையைத் துரத்திப் பிடிக்கும் மீனின் உணவு அல்ல இது. உடல் எவ்வளவு அகலமோ வாய் அவ்வளவு சிறியது. மணலில் நீரைப் பீய்ச்சி ஊதி, மேலே கிளம்பும் துணுக்கைப் பொறுக்கும். வாயில் வாங்கியதைத் துப்பி மறுபடி எடுக்கும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதுதான் அதன் பழக்கம். அந்த நிதானத்தைக் கெடுக்காமல் உணவிடுவது நம் பொறுப்பு.

கூட்டுத் தொட்டியிலோ உணவு பந்தி போல ஒரே வேளையில் விழுகிறது. இலை போட்டதும் முந்துபவருக்கே எல்லாம். ஏஞ்சல் மீன் டிஸ்கஸின் ஊர்க்கார மீன்தான், ஆனால் அதைவிட வேகமானது. டைகர் பார்ப் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். டிஸ்கஸ் நிதானித்து வருவதற்குள் பாத்திரம் காலியாகிவிடுகிறது. வெப்பநிலையும் இதில் சேர்கிறது. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் தேவை. மற்ற மீன்களுக்காக 25-க்குக் குறைத்தால், நீரின் வெப்பத்தையே தன் உடல் வெப்பமாகக் கொண்ட உயிருக்குச் செரிமானமும் பசியும் மந்தமாகிவிடும். ஆகவே துணைமீனைத் தேர்ந்தெடுப்பதே உணவூட்டலின் முதல் வேலை. கார்டினல் டெட்ரா, ஸ்டெர்பாய் கோரிடோரஸ் போன்றவை இந்தச் சூட்டைத் தாங்கும். டிஸ்கஸை விரட்டுவதும் இல்லை.

எல்லாருக்கும் போய்ச் சேரும்படி நிறையப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியாவாகிறது. நீரில் வெப்பமும் காரத்தன்மையும் கூடக் கூட அம்மோனியாவில் நஞ்சான பங்கு கூடுகிறது. வெப்ப நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனோ குறைவு. பசித்த மீனுக்கு மூச்சும் முட்டுகிறது. பண்ணைக்காரர்கள் மாட்டு இதயத்தை அரைத்துப் போட்டு வளர்க்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. அவர்கள் குஞ்சுகளை விரைவாகப் பெரிதாக்கப் பார்க்கிறார்கள். மணலோ செடியோ இல்லாத தொட்டியில் தினமும் பெருமளவு தண்ணீர் மாற்றுகிறார்கள். மணலும் செடியும் உள்ள வீட்டுத் தொட்டியில் அதே துணுக்குகள் இடுக்குகளில் தங்கி அழுகும். வளர்ந்த மீனுக்கு அவ்வளவு புரதமும் வேண்டியதில்லை. மூழ்கும் சிறு குருணை, உறைய வைத்த ப்ளட் வார்ம், ஆர்ட்டீமியா, ஸ்பைருலினா கலந்த உணவு என மாற்றி மாற்றிக் கொடுத்தாலே போதும். சாக்கடையோரத்தில் அள்ளிய உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை அறவே தவிர்ப்பது நல்லது. நோய் அதோடு கூடவே வரும்.

போடும் முறையில் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் ஒரு மூலையில் மிதக்கும் தீனியைத் தூவி வேக மீன்களை அங்கே இழுத்துவிட்டு, மறுமூலையில் நீண்ட குழாயால் டிஸ்கஸின் மட்டத்துக்குத் தீனியை இறக்கலாம். வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தீரும் அளவே போதும். டிஸ்கஸைத் தனியாக வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். அது பாதி உண்மைதான். இரண்டு மூன்று டிஸ்கஸ் மட்டும் இருந்தால் வலுத்தது மெலிந்ததை விரட்டி உணவைப் பிடுங்கும். ஐந்தாறு இருந்தால்தான் அந்த அடி பரவலாகிக் குறையும். இத்தனையும் செய்தும் ஒரு மீன் உணவை வாயில் வாங்கித் துப்பிக்கொண்டே இருந்து, அதன் கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால், குற்றம் கூட்டாளிகளிடம் இல்லை. குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம்; அந்த மீனை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை தொடங்க வேண்டும்.